கயிறும் மாத்திரையும்

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

அண்ணனுக்குக் கயிறு கட்டிவிட்டார்கள். நாற்பத்தெட்டு நாள் குடிக்க மாட்டேன் என்று முனியசாமி முன்னால் சத்தியம். வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. எங்களைப் பெற்ற அய்யா முகத்தில் ஊரையே ஜெயித்த களை.

நாலு வருடமாகக் காலையிலேயே குடிக்கிறவன் அண்ணன் காளீஸ்வரன். ஏன் குடிக்கிறான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. குடிக்கத் தொடங்கும் முன்பே அவன் காதில் ஆட்கள் பேசினார்கள். கல்லூரியில் படிக்கும்போதே என்னிடம் சொன்னான். “குடிச்சாத்தேன் அவிங்கெ வாய மூடுறாய்ங்கெ.” அய்யாவிடம் சொன்னேன். குடிக்க ஒரு சாக்கு என்றார். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 13

அண்ணனுக்குக் கை நடுங்குகிறது. தூக்கமே இல்லை. வேட்டி நனைய வேர்வை. கயிறு வேலை செய்கிறதாம், பக்கத்து வீட்டுக் கூத்தையா சொல்கிறார்.

பிப்ரவரி 14

மிளகாய் காயும் களத்தில் உட்கார்ந்து உடம்பிலிருந்து எறும்பு பிடுங்கினான். ஓர் எறும்பும் இல்லை. பிறகு விழுந்து வெட்டி இழுத்தது. அய்யா ஓடிப்போய்க் கையில் சாவியைத் திணித்தார். திருட்டுத்தனமாகக் குடித்திருப்பான், சாமி அடித்துவிட்டது என்றார் பூசாரி. நான் 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வரும்வரை கூட்டம் தீர்ப்பு சொல்லிக்கொண்டு நின்றது.

பிப்ரவரி 19, ஆஸ்பத்திரி

பிழைத்துவிட்டான். தினமும் குடிக்கிறவன் ஒரேயடியாக நிறுத்தினால் உயிரே போகலாம், இங்கே அழைத்து வந்துதான் நிறுத்தியிருக்க வேண்டும் என்றார் டாக்டர் மாலதி. காதில் கேட்கும் குரல் தனி நோய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். இரவு ஒரு மாத்திரை, விடவே கூடாது.

அய்யா கேட்டது ஒன்றுதான். “இதெச் சீட்டுல எழுதாதீக. வீட்ல கல்யாணத்துக்கு ஒரு பொட்டப்புள்ள இருக்கு.”

அந்தப் பொட்டப்புள்ள நான். என்னை இதில் ஏன் இழுக்கிறார்?

மார்ச் 2

வீட்டுக்கு வந்தபிறகு அண்ணன் இரவில் தூங்குகிறான். குரல்கள் எங்கே என்று கேட்டேன். “பக்கத்தூருக்குப் பொழைக்கப் போயிட்டாய்ங்கெ” என்றான். சிரித்தான்.

மார்ச் 10

மூன்று நாளாகச் சுவரோடு பேசுகிறான். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். மதினி சேதுலட்சுமியை உலுக்கிக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். மாத்திரை கொடுப்பதை ஒரு வாரமாக அய்யா நிறுத்திவிட்டாராம். அய்யாவிடமே போய்க் கேட்டேன்.

“தின்னதும் கண்ணு சொருகுது. அதுவும் போதைதானெ. கயிறு கட்டுனவன் போதயத் தொட்டா சாமி சும்மா விடுமா?”

மகனைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறார். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

கத்தியை எடுத்தேன். அண்ணனே கயிறு கட்டிய கையை நீட்டினான். அறுத்தேன். அய்யா ஓங்கிய கையை மதினி பிடித்துக்கொண்டாள்.

“எம்மகன் செத்தான்னா நீதாண்டி.”

“சாகக்கூடாதுன்னுதேன் அறுத்தேன்.”

மார்ச் 11

மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி மாத்திரை. இனி இரவில் நானே கொடுப்பேன். மதினி பிள்ளையோடு சாயல்குடிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும். அவளாவது தூங்கட்டும்.

மார்ச் 17

ஊரில் எனக்குப் புதுப்பெயர், கயிறறுத்தவள். முக்குக் கடையில் சரக்கு விற்கிறவனுக்குப் பட்டப்பெயர் ஏதும் இல்லை.

ஏப்ரல் 6, சனி

தேர்வு எழுத மதுரைக்குப் போய் நேற்றிரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. வீட்டில் அய்யாவும் அண்ணனும் மட்டும். வினாத்தாளைப் பார்த்தும் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அய்யாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நேற்றைய மாத்திரை இல்லை. தூக்கிப் போட்டிருப்பார். அண்ணனிடம் கேட்டேன்.

“அய்யாதேன் குடுத்தாரு. முழுங்கிட்டியான்னு வாயத் தொறந்து காட்டச் சொன்னாரு. நாக்கத் தூக்குறான்னாரு.”

நான்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அய்யா களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தார். இருபத்தேழு நாளாக என்னிடம் பேசுவதில்லை. இன்றும் பேசவில்லை. நானும்தான்.