ஒன்பது நாள் இரைச்சல்

நவம்பர் 12, புதன்

இன்று கிளினிக்கில் ஆறு பேர். ஆறில் நான்கு பேர் பொய்யர்கள். காது கேட்கும் கருவியை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் தூங்கவைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வந்து, "காலைல மாட்டினா படுக்கும்போதுதான் கழட்டுவேன்" என்று என்னிடமே அளக்கிறார்கள். கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்தால் அது ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஓடியது, அமைதியில் எவ்வளவு, இரைச்சலில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். பாவம், அது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக வந்தவர் ரிடையர்டு கணக்கு வாத்தியார். பதிவில் சராசரி நாற்பது நிமிடம். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். என் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்த மனைவி உடனே பிடித்துக்கொண்டாள். மருமகள் சரியில்லை, மாடிவீட்டுக்காரன் சரியில்லை, பால் சரியில்லை, நாட்டில் ஒருத்தனும் சரியில்லை. ஐந்து நிமிடத்தில் எனக்கே காதைக் கழற்றி மேஜையில் வைக்க வேண்டும்போல் ஆகிவிட்டது.

மாலையில் தம்பி போன் செய்தான். பண்டிகை விடுமுறைக்கு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறானாம். ஒன்பது நாள். என்னைக் கேட்கவில்லை. அறிவித்தான்.

நவம்பர் 13, வியாழன்

அப்பாவின் கருவியைக் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். சுத்தம் செய்து, புது பேட்டரி போட்டு, வரப்போகிற கூட்டத்தை நினைத்து ஒலியையும் இரண்டு படி குறைத்து வைத்தேன். அப்பாவுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. முப்பத்தாறு வருடம் பஸ் ஓட்டியதில் மிஞ்சியது வலது காதில் பாதி. இணைத்ததும் பதிவுப் பக்கம் தானாகத் திறந்தது. பார்க்காமல் மூடினேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், தினமும் காலையில் நானே மாட்டிவிடுகிறேன், பதிவு எதற்கு? ஒரு பேட்டரி அவருக்கு ஒரு மாதம் வருகிறது. மற்றவர்களுக்குப் பத்து நாள்கூடத் தாங்காது. எல்லாம் அமைத்துக் கொடுக்கிற கையைப் பொறுத்தது.

ஆறரைக்கு நான் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் ரேடியோவை அணைத்துவிட்டார். மகள் பேச வேண்டுமே என்று அந்த மரியாதை. கணக்கு வாத்தியார் கதை, மேனேஜரின் அசட்டுத்தனம், லிஃப்டில் குப்பையை வைத்துவிட்டுப் போன ஜென்மம், தம்பியின் திமிர் எல்லாவற்றையும் சாப்பாடு முடியும்வரை சொன்னேன். அப்பாவைப்போல் கேட்கிற ஆள் உலகத்தில் கிடையாது. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். "ம்." "சரிம்மா." அவ்வளவுதான். அம்மா போன இந்த நான்கு வருடமும் நான் பைத்தியம் பிடிக்காமல் இருப்பது அந்த "ம்"மினால்தான்.

காதுக்குப் பின்னால் அடிக்கடி சொறிந்துகொள்கிறார். காதுக்குள் வைக்கிற அச்சு இறுக்கமாக இருக்கும்போல. தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வந்து இறங்கியாயிற்று. நான்கு பேருக்கு ஏழு பைகள். தம்பி லிஃப்டில் ஏறும் முன்பே அவன் குரல் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. ஆள் வருவதற்குள் குரலை உட்காரவைத்து டீ கொடுத்திருக்கலாம். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். லாரிச் சத்தத்தில் வியாபாரம் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அதே தொண்டை. அவன் மனைவி பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் தொங்கவில்லை என்றாலும் பேச்சில் விசில் இருக்கிறது. பெரியவளுக்குப் பதினைந்து; போனிலிருந்து தலையைத் தூக்கினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். சின்னவளுக்கு எட்டு. வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள், வேறு பெயர் பொருந்தாது.

வந்த ஒரு மணி நேரத்தில் என் ஜன்னலில் கலர் விளக்குச் சரம். ஆம்புலன்ஸை ஹாலில் நிறுத்தியதுபோல் அணைந்து அணைந்து எரிகிறது. சோபாவில் கோழி வறுவல் வாளி, டீப்பாயில் கேக், டிவி மேல் கேக்கின் க்ரீம். "வெக்கப்படாம சாப்பிடுங்க அண்ணி" என்று தம்பி மனைவி என் வீட்டில் எனக்கு உபசாரம் செய்கிறாள்.

அப்பா மூன்று துண்டு கோழி சாப்பிட்டார். நான் கொடுக்கிற கஞ்சியில் பாதியை மிச்சம் வைக்கிறவர்.

நவம்பர் 15, சனி

காலையிலிருந்து ஒரு நிமிடம் அமைதி இல்லை. சர்க்கரை டப்பாவில் உப்பு இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

ஏரிக்குப் பயணம். ஒரு மணி நேர வழி, போய்ச் சேர இரண்டரை மணி நேரம். பார்க்கிற கடையில் எல்லாம் வேன் நின்றது. இவர்கள் ஊர் சுற்ற வரவில்லை, வழிநெடுகத் தின்ன வந்திருக்கிறார்கள்.

ஏரியில் மிதிபடகு. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி அப்பாவையும் ஏற்றினார்கள். எழுபத்தெட்டு வயது மனிதரை அன்னப்பறவை வடிவப் படகில் உட்காரவைத்து ஆட்டுவதற்குப் பெயர் பாசமாம். நான் ஏறவில்லை. பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாகக் கரையில் நின்றேன். அரை மணி நேர டிக்கெட். வாட்சைப் பார்த்தபடி நின்றேன். ஐம்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பினார்கள். நடு ஏரியில் அப்பா தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்தேன். முதலில் புரையேறிவிட்டது என்று பயந்துபோனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

என்ன அப்படிச் சிரிப்பு என்று கேட்டேன். "அது படகு ரகசியம் அத்தை" என்றாள் வாலு. பெரிய ரகசியம். அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் வேன்காரனின் அலட்சியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

மொட்டைமாடியில் கரி அடுப்புப் போட்டு இறைச்சி சுட்டார்கள். அதற்கென்று தம்பியின் சிநேகிதன் ஒருவன் வந்திருந்தான், பல் டாக்டர். அடுப்புப் பற்ற ஒரு மணி நேரம். பிறகு இடுக்கியை எடுத்து ஒவ்வொரு துண்டையும் கடைவாய்ப் பல்லைப்போல் திருகித் திருகிப் பிடுங்கினான். பாதி கரி, பாதி பச்சை. அதற்குக் கைதட்டல் வேறு. அப்பா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்து பத்து வருடமாக அவர் அந்தக் கதையைச் சொன்னதில்லை.

அந்த இடத்தில்தான் தம்பி ஆரம்பித்தான். "அக்கா, அப்பாவை எங்ககூட அனுப்பேன். கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு. நீயும் காலைல போனா பொழுது சாஞ்சுதான் வர்ற."

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அவ என்ன சொல்றாளோ" என்றார்.

அப்பாவுக்கு இரைச்சல் ஆகாது, உங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தால் மிச்சக் காதும் போய்விடும், இது என் தொழில், எனக்குத் தெரியும் என்றேன். பேச்சு அதோடு நின்றது.

நவம்பர் 19, புதன்

கேட்க வந்துட்டான். நாலு வருஷம் எங்கே போயிருந்தான்? மாத்திரை வாங்கறது யாரு, ஆஸ்பத்திரியில உக்கார்றது யாரு, கஞ்சி வெக்கிறது யாரு? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கோழி வாங்கிக் குடுத்துட்டா பாசமா?

அப்பா போய்விட்டால் நான் சாயங்காலம் யாரிடம் பேசுவது?

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. அதுதான் உண்மை.

நவம்பர் 20, வியாழன்

இன்று மலைமேல் காட்சிமுனை. காட்சி என்று ஒன்றும் இல்லை, மூடுபனி. பனிக்கு முன்னால் நின்று நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் கருவி பீப் பீப் என்று கத்தி அணைந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி போட்ட பேட்டரி, எட்டு நாளில் காலி. ஒரு மாதம் வருகிற பேட்டரி. இவர்கள் போடுகிற கூச்சலுக்குப் பேட்டரியே தாங்கவில்லை என்று சொல்லிக் காட்டினேன். தம்பி எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தான். அப்பா மட்டும், "புதுசு போடும்மா, சீக்கிரம்" என்று கையை நீட்டினார்.

நாளை கருவியை இணைத்துப் பதிவை எடுக்கப் போகிறேன். இந்த ஒன்பது நாளில் எத்தனை மணி நேரம் இரைச்சலில் கிடந்தார் என்று அதில் வரும். பிரின்ட் போட்டுத் தம்பிக்கு அனுப்புவேன். பிறகு அழைத்துப்போகிறேன் என்று வாயைத் திறக்கட்டும்.

நவம்பர் 22, சனி

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். வாலு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவர்கள் வேனில் ஏறிய கையோடு கருவியை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அரை நாள் வேலைதான், ஆட்கள் யாரும் வரவில்லை.

ஸ்கிரீனில் இரண்டு வரிகள் வந்தன. இந்த ஒன்பது நாள் ஒன்று. அதற்குமேல், பதின்மூன்றாம் தேதி நான் பார்க்காமல் மூடிய பழைய பதிவு.

ஒன்பது நாள்: சராசரி பதின்மூன்று மணி நேரம். பெரும்பகுதி இரைச்சல். ஒலியைக் கூட்டிய தடவைகள் நாற்பத்தேழு. நான் குறைத்துவைத்ததை அவர் கூட்டியிருக்கிறார். அந்தக் கூச்சலுக்கு நடுவில், நாற்பத்தேழு தடவை.

அதற்கு முந்தைய எழுபத்தொரு நாள்: சராசரி முப்பத்தைந்து நிமிடம்.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு ஒயரில் இணைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம்.

ஆறு மணிக்கு ரேடியோவில் செய்தி. அரை மணி நேரம் வரும். நான் ஆறரைக்கு வருவேன்.

காலையில் நான் மாட்டிவிடுவேன், அவர் காதைச் சொறிவார். பேட்டரி மூடியை நகத்தால் லேசாக நெம்பினால் போதும், கருவி அணைந்துவிடும். பார்க்கிறவர்களுக்குச் சொறிவதுபோல்தான் இருக்கும். எத்தனை பேரை இதே தந்திரத்தில் பிடித்திருக்கிறேன். எத்தனை பேருக்கு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டியிருக்கிறேன்.

பேட்டரி ஏன் ஒரு மாதம் வந்தது என்று இப்போது தெரிகிறது. என் கைராசியாம்.

பிரின்ட் போடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். பதிவைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிடும்போதும் எதுவும் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நவம்பர் 25, செவ்வாய்

கோபமாக வருகிறது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நாலு வருஷமா "ம்", "சரிம்மா"ன்னு சொல்லி என்னை முட்டாளாக்கி— சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மாட்டேன். அவர் எப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அரை மணி நேரம் அவருக்கே வகுப்பெடுத்திருப்பேன்.

நான் பேசியதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அந்த வாத்தியார் பெண்டாட்டி ஐந்து நிமிடம் பேசினாள். நான் நான்கு வருடம்.

விளக்குச் சரம் இன்னும் ஜன்னலில் தொங்குகிறது. கழற்றச் சோம்பலாக இருக்கிறது.

நவம்பர் 26, புதன்

தம்பிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப்போ என்றேன். "காதுக்கு ஒண்ணும் ஆகாதா அக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டான். என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது: "ஆகாது. நான் பாத்துட்டேன்."

அப்பாவிடம் சொன்னேன். சரிம்மா என்றார். பிறகு, "நீ தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டார். இருந்துகொள்வேன் என்றேன். அது பொய்.

நவம்பர் 29, சனி

பெட்டி கட்டியாயிற்று. பேட்டரி பன்னிரண்டு அட்டை வைத்திருக்கிறேன். எட்டு நாளைக்கு ஒன்று என்று சீட்டில் எழுதி ஒட்டினேன்.

சாயங்காலம் சாப்பாடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கிளினிக்கில் இன்று ஒரு மகா மடையன் கருவியைத் துணியோடு துவைத்துக் கொண்டுவந்திருந்தான். "இன்னைக்கு ஒருத்தன்—" என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை காதுக்குப் போனது.

நிறுத்திவிட்டேன். கை அங்கேயே நின்றது.

"அப்பா, அன்னைக்குப் படகுல எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைக் கீழே இறக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அதுவா? படகை பஸ்னு வெச்சு விளையாடினோம். நான் டிரைவர், சின்னவ கண்டக்டர். 'தாத்தா, கரையில ஒரு பாசஞ்சர் நிக்கறாங்க, ஏத்திக்கலாமா?'ன்னு கேட்டா. பாத்தா நீ. வாட்சைப் பாத்துக்கிட்டு நிக்கற." அவர் தோள் இப்போதே குலுங்க ஆரம்பித்துவிட்டது. "நான் சொன்னேன்... 'அது பாசஞ்சர் இல்லம்மா, டிப்போ டைம்கீப்பர். நம்ம லேட்டை எழுதிட்டிருக்காங்க. அந்தப் பக்கம் பாக்காம மிதி'ன்னு..."

மேலே சொல்ல முடியவில்லை அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அது சிரிப்பு மட்டும் இல்லை. பிறகு அந்த டிப்போ டைம்கீப்பரைப் பற்றிச் சொன்னார். நிஜமாகவே ஒருவர் இருந்தாராம், மழைக்கும் குடை பிடிக்காமல் நோட்டோடு நிற்பாராம். அதிலிருந்து முதல் பஸ், அதிலிருந்து அம்மாவை முதன்முதலில் ஏற்றிக்கொண்ட நிறுத்தம். நான் "ம்" என்றேன். "அப்புறம்?" என்றேன். சாப்பாடு ஆறிவிட்டது.

நாளை பத்து மணிக்கு வேன் வருகிறது.