சென்னையிலிருந்து மஸ்கட் எவ்வளவு நேரம்

நேற்று நம் நைனார்பாளையத்திலிருந்து சென்னைக்குப் பஸ் பார்க்கலாம் என்று போனில் மைக்கை அமுக்கினேன். நான் வாயைத் திறக்குமுன் உன் பழைய கேள்வி திரையில் வந்து நின்றது: சென்னையிலிருந்து மஸ்கட் எவ்வளவு நேரம். நீ செத்து ஆறு மாதம் ஆகிறது, யப்பா. போன் மட்டும் உன்னை இன்னும் வழியனுப்பவில்லை.

எழுதத் தெரியாத உனக்கு அந்த மைக்தான் வசதி. மரவள்ளிக் காட்டிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் போனைப் பிடுங்குவாய். மஸ்கட்டில் வேலை செய்கிற அண்ணனுக்கே நேரடியாகக் கேட்கிற மாதிரி கத்துவாய். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், விமானத்தில் சுமார் நாலு மணி நேரம் என்பாள் போன்காரி. தூரம் உன் காதில் ஏறாது. நேரம் மட்டும்தான்.

"போன பையன் போன்லதான் கீறான். அவங்கிட்ட பேசறத வுட்டுட்டு தெனம் ரூட்டு கேட்டுக்கினு கீற?" என்று கிண்டல் செய்வேன்.

"நாலே மணி நேரம்டா! வெள்ளிமலை பஸ்ஸு ஏறி எறங்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துருவான்."

"தெனம் கேட்டா கொறையுமா?"

"கொறையுதான்னுதாண்டா பாக்கறேன்."

மலைக்கு மேலே விமானம் போனால், "யப்பா, உன் பெரிய புள்ள கை காட்றான் பாரு" என்பேன். நீயும் வெட்கமில்லாமல் கையைத் தூக்குவாய்.

அப்பாவுக்குப் பெரியவன் கொள்ளி வைக்கணும், அம்மாவுக்குச் சின்னவன். நம் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. அதையும் உன் கேள்வியையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

நீ காட்டிலேயே சாய்ந்த அன்று பெரியப்பா கேட்டார். "டேய், பிளேன் எவ்ளோ நேரம்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனைத் தொடாமலே "நாலு மணி நேரம்" என்றேன். சொல்லி முடித்தபோதுதான் புரிந்தது, நீ தினமும் எதை அளந்துகொண்டிருந்தாய் என்று.

நீ ஊரெல்லாம் சொல்லி வைத்த அந்த நாலு மணி நேரத்தை நம்பி எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட் வாங்குவதும் டிக்கெட் கிடைப்பதும் யார் கணக்கிலும் இல்லை. பொழுது சாயும்போது அண்ணன் கூப்பிட்டான். நாளை மறுநாளுக்குத்தான் டிக்கெட்டாம். அத்தனை நாள் போட்டு வைக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள்.

"தம்பி, நீயே வச்சுடுடா" என்றான் அண்ணன்.

குடத்தை என் தோளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியப்பா பின்னாலிருந்து ஒரு பொத்தல் போட்டார். தண்ணீர் வெற்று முதுகில் வழிந்தது.

அண்ணன் வந்தபோது பையைக்கூட இறக்காமல் சுடுகாட்டுக்குப் போனான். சாம்பலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "என்னப் பத்தி இன்னாடா சொன்னாரு?"

"நீ வந்துருவன்னு சொன்னாரு."

சென்னைக் காலேஜில் எனக்கு இடம் கிடைத்ததிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை. நேற்று நான் பஸ் பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை வாங்கினாள். உன்னைப் போலவே மைக்கை அமுக்கி, உன்னைப் போலவே கத்தினாள்.

"சென்னையிலேர்ந்து நைனார்பாளையம் எவ்ளோ நேரம்?"

போன்காரி பதில் சொல்வதற்குள் என் முதுகில் தண்ணீர் வழிந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சட்டை காய்ந்துதான் இருந்தது.