நாற்பதாம் பக்கத்து அடிக்குறிப்பு

என் அருமை மகளே, உண்மையைப் பொடி எழுத்தில் ஒளித்துவைத்த பெருந்தகையே! நானும் அப்பாவும் நலம். அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் முழங்கியதில் என் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டில் அமைதி நிலவுகிறது என்று அவர் மகிழ்கிறார். நீயும் நலமாயிருப்பாய் என நம்புகிறேன், ஆயினும் உன்மீது எனக்கொரு பெருங்குறை உண்டு, அதைச் சொல்லவே பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய அறிக்கையை அடுக்களை மேசையில் விரித்து அப்பாவுக்குக் கரகரத்த குரலில் படித்தேன். கதிரவன் ஒளி எட்டாத தொலைவுக்குச் செல்லும் விண்கலத்துக்கு, தானே சிதைந்து சூடு தரும் புளூட்டோனியத்திலிருந்து மின்சாரம் எடுப்பது உன் வேலை என்பதுவரை அவருக்கு விளங்கியது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ எண்பத்தெட்டு ஆண்டு என்றதும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். “அரை ஆயுசுலயே போயிடுமா? பாவம், அதைப் போய் ஏன் எடுத்தா?” என்றார். பாதிப் பொருள் சிதைய ஆகும் காலம் அது என்று விளக்கினேன். “அப்ப முழு ஆயுசு நூத்தி எழுபத்தாறா?” என்றார். இல்லை, அடுத்த எண்பத்தெட்டில் மீதியில் பாதிதான் போகும், அதற்கடுத்து அதிலும் பாதி என்றேன். “முடியவே முடியாதா? உன் மேடைப் பேச்சு மாதிரின்னு சொல்லு” என்கிறார்!

பழைய கருவி நூறு பங்குச் சூட்டில் ஆறு பங்கையே மின்சாரமாக்கும், உன் கருவியோ முன்னும் பின்னும் ஓடும் உந்துதண்டால் இருபத்தைந்து பங்கு எடுக்கும், கிடைத்தற்கரிய அந்த எரிபொருளில் கால்வாசியே போதும் என்ற இடத்தில் என் நெஞ்சு விம்மியது. முப்பதாண்டு மின்தூக்கி பழுதுபார்த்த உன் அப்பா அசையவில்லை. “ஓடுறது தேயும், தேஞ்சா நிக்கும். லிஃப்ட் நின்னா நான் போவேன், அங்க யாரு போவா?” என்றார். தேர்வுக்குழுவும் இதையேதான் கேட்டது, நீ வாய் திறக்கவில்லை, வெள்ளியன்று பழைய கருவியையே தேர்ந்துவிடுவார்கள், ஆறாண்டு உழைப்பு அலமாரிக்குப் போகும் என்று எழுதியிருக்கிறாய்.

நாற்பதாம் பக்கத்தின் அடியில் கிடந்தது விடை! உந்துதண்டு எதையும் தொடாமல் வாயுவில் மிதக்கிறது, சோதனைக் கருவி மூன்றாண்டு நான்கு மாதமாக ஒருமுறைகூட நிற்காமல் ஓடுகிறது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் தாமே படித்தார். “தொடவே இல்லன்னா எங்க தேயும்? இத ஏன் முதல்லயே சொல்லல? இது உன் வயித்துல பொறந்த பொண்ணுதானா?” என்றார், நானும் அதையே கேட்கிறேன். தரவே பேசும் என்கிறாய். தரவுக்கு வாய் கிடையாது மகளே, உனக்கு உண்டு. ‘எனக் கருதலாம்’, ‘எனத் தோன்றுகிறது’ ஆகியவற்றையெல்லாம் வெட்டி எறி, ஓடுகிறது என்று சொல்.

எதிர்வீட்டுத் தையற்காரி உன் சட்டையைத் தைத்துவிட்டாள், கை சற்று நீளம், மடித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எல்லா வெற்றியும் பெற்று நீடு வாழ்வாயாக.

கையால் எழுதியதைப் படமெடுத்து அனுப்புகிறேன், ஏனெனில் குழு கூடுவதற்கு இன்னும் இரண்டே நாள். படித்து முடித்ததும் எழுந்து போய் அறிக்கையைத் திற. அந்த மூன்றாண்டு நான்கு மாதத்தை முதற்பக்கத்தின் முதல் வரியாக்கு. தொலைபேசியில் அழைத்து எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டு. நாளை அல்ல, இப்போதே!

காத்திருக்கும்,
உன் அம்மா