மூடி வேர்க்காத கிண்ணம்

அன்புள்ள ஹருமாவுக்கு,

இங்கே ஆப்பிள் சிவந்துவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நானே எழுதிவிட ஆசை, ஆனால் அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். (அண்ணா, வாய் அம்மாவுடையது, கை உன் தங்கை காயோவுடையது. அம்மா தோட்டத்து ஏணியிலிருந்து விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறாள். கட்டு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான்.)

பேஸ்பால் கிளப்காரர் ஹோன்மா சார் போன வாரமும் வந்தார். இந்த மாதக் கடைசியில் நம் நாட்டுக் கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கப் போகின்றனவாம். "இருபதாம் தேதிக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா, உங்க பையன் பேரை நாங்க சொல்லிடுறோம், அமெரிக்கா காலேஜ் மைதானத்துல எதுக்குத் தேயணும்?" என்றார். அப்பா, "அவன் கை, அவன் முடிவு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நீயோ போனில், "நீயே சொல்லிடும்மா, வரவா, இருக்கவா" என்றாய். அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய், "பந்து என் கையிலருந்து போற மாதிரியே இல்லம்மா, யாரோ கையை இரவல் குடுத்த மாதிரி இருக்கு" என்று. நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதவைக்கிறேன்.

நீ விமானம் ஏறிய நாளிலிருந்து உன் இடத்தில் உனக்கொரு தட்டு வைக்கிறேன், ஊரைவிட்டுப் போனவர்களுக்கு என் மாமியார் வீட்டில் வைப்பது போலத்தான். சோறு, ஊறுகாய், உனக்குப் பிடித்த பொரித்த கோழி, மூடி போட்ட அரக்குக் கிண்ணத்தில் சோயா விழுது கரைத்த மிசோ சூப். நீ இடதுகைக்காரன் என்பதால் சாப்பிடும் குச்சியைக்கூட அந்தப் பக்கம் திருப்பித்தான் வைப்பேன். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் மூடியைத் திறந்து பார்ப்பேன், உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் நீ சுகம் என்று மனம் ஆறும். ஆகஸ்டில் ஒருநாள் மூடி சருகாகக் காய்ந்திருந்தது. அப்பா உடனே உனக்குப் போன் போட்டார், அன்றைக்குத்தான் நீ தோளைத் தூக்க முடியாமல் ஆட்டத்தின் நடுவில் வெளியே வந்திருந்தாய், எங்களுக்குச் சொல்லாமல் மறைத்தும் இருந்தாய். பிறகுதான் உன் தங்கை ஒப்புக்கொண்டாள், விளையாட்டுக்கு மூடியைச் சட்டைக்கையால் துடைத்துவைத்தது அவள்தானாம். (இதை எழுதமாட்டேன் என்றேன். எழுதவைக்கிறாள். உன் தட்டிலிருந்த பொரித்த கோழியை ஒரு வருஷம் தின்றதும் நான்தான், அதையும் எழுதிவிட்டேன், கணக்குத் தீர்ந்தது.)

தீரவில்லை, ஹருமா. அதற்கப்புறம் அவள் தட்டுப் பக்கமே போவதில்லை, ஆனால் மூடி தானாகவே காய்ந்து கிடந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் ஒரு துளி இல்லை. அதே வாரம்தான் சத்தமும் தொடங்கியது. மாலை நாலு மணிக்கு, நீ பள்ளிவிட்டு வந்து ஆப்பிள் பெட்டிக் கொட்டகைச் சுவரில் பந்தெறிவாயே, அதே நேரத்துக்கு, தொம், தொம் என்று. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, அடுக்கின பெட்டிகள் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அப்பா எண்ணிப் பார்த்தார். "முப்பது பந்து, ஒரு ஓய்வு, மறுபடி முப்பது. நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தது அப்படித்தான்" என்றார். பிறகு மெதுவாக, "தூரத்துல இருக்கிறவனுக்குத்தானடி மூடி வேர்க்கும், இவன்தான் வீட்டுக்கே வந்துட்டானே" என்றார். அதற்கப்புறம் அவர் கொட்டகைக்குப் போகவில்லை.

காயோ தன் சட்டைக்கையால் வந்த வினை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அவள் கையால் வந்ததில்லை, என் வாயால் வந்தது. அந்தத் தட்டை வைக்கும்போது அங்கே நல்லா இரு என்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. தினமும், "வந்துடுடா, சீக்கிரம் வந்துடு" என்றுதான் வாய்க்குள் சொல்லிவைத்தேன். வந்துவிட்டாய். வர முடிந்த அளவுக்கு வந்துவிட்டாய், மிச்சம் அங்கே இரவல் கையோடு நிற்கிறது.

நேற்று நாலு மணிக்கு நானே கொட்டகைக்குப் போனேன். சத்தம் என் காதோரம் கேட்டது, காற்று முகத்தில் அடித்தது. ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "ஹருமா, நீ இங்க இருக்கக்கூடாதுடா. அங்க ஒருத்தன் கையில்லாம நிக்கிறான், போ" என்றேன். எண்ணிக்கை பதினேழில் நின்றது. சாயங்காலம் சூப் மூடியைத் திறந்தேன், நீர் வழிந்து என் கைக்கட்டு நனைந்துவிட்டது. அழுதுவிட்டேன், நீ நலமென்ற நிம்மதியில் மட்டும் இல்லை. பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை வழியனுப்பிவிட்டேன், மூன்றாவது தடவை என்னால் ஆகாது. அதனால் வா என்றும் சொல்லமாட்டேன், இரு என்றும் சொல்லமாட்டேன். வந்தால் முழுசாக வா, இருந்தால் முழுசாக இரு. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிரில் சட்டை போடாமல் நிற்காதே, இருபதாம் தேதியை மறக்காதே.

உன் கையும் மனசும் ஒரே உடம்பில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அம்மா, தொகிவா

(அண்ணா, அம்மா கைநாட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி எழுதுவது நான் மட்டும், சத்தியமாக விளையாட்டில்லை. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நாலு மணி அடித்தது. கொட்டகையில் தொம் என்று ஒரே ஒரு சத்தம். ஓடிப் பார்த்தேன். சுவரில் புதிதாக ஒரு பந்துத் தடம், இன்னும் ஈரமாக, செங்கல் பொடி போலச் சிவப்பாக இருக்கிறது. நம் தோட்டத்து மண் கறுப்பு, பள்ளி மைதானத்து மண்ணும் கறுப்பு. அங்கே உன் அமெரிக்க மைதானத்து மண் என்ன நிறம்? அம்மாவிடம் காட்டவில்லை, கழுவவும் இல்லை. வருகிறாயா, இருக்கிறாயா என்பதை உன் இடது கையாலேயே எழுதி அனுப்பு. உன் கோழிக்கால் கிறுக்கலைப் பார்த்தால்தான் எழுதியது நீதான் என்று நம்புவேன்.)