கையேந்தாத அஸர்

அன்பு சலீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சூஃபிகள் அல்லாஹ்வைக் காதலனாகப் பாடுவதை விளக்கியபோது நீ கேட்டாய்: "சொர்க்கமே கிடையாதுன்னா அப்பவும் தொழுவீங்களா?" நான் வேத வசனங்களையும் அவற்றின் விளக்கங்களையும் அடுக்கினேன். "பாடம் எடுக்காதீங்க, பதில் சொல்லுங்க" என்று சிரித்தாய்.

என் பள்ளிக்கூடத்தில் மிட்டாய்க்காகப் பாடம் ஒப்பித்த பிள்ளைகள் நினைவிருக்கிறார்களா? இந்த இரண்டு வருடமும் நான் அப்படித்தான் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்த ஒவ்வொரு சஜ்தாவிலும், ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோன நம் மகனைத் திருப்பிக் கேட்டேன்.

நேற்று ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில், அவனோடு போய்த் தப்பி வந்த சவரிமுத்துவைப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கிறான். நம் பிள்ளையின் தொப்பியை என் கையில் வைத்து, "இதைக் குடுக்கத்தான் வந்து சேர்ந்தேன், வாத்தியாரே" என்றான். தொப்பியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கஞ்சி கொடுக்க ஆளில்லை. சில நாள் இங்கே இருப்பேன்.

பறிக்க ஆளில்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து பூத்திருக்கிறது. அதன் நடுவே சாயங்காலம் அஸர் தொழுதேன். இனி அல்லாஹ்விடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து வர மனமில்லை. உன் கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நம் பிள்ளைக்கென்று இனிக் கிழங்கு எடுத்து வைக்காதே. இது கைக்கு வந்த அன்று அஸர் தொழுததும், எதையும் கேட்டுக் கையேந்தாமல், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திரு.

உன் வாத்தியார்