கனால்பாலம் அங்கன்வாடிக் கட்டில்களின் பசையைச் சோதிக்க வேண்டி

அனுப்புநர்:
பின்சி எல்தோ (வயது 39),
ஒட்டுப்பலகை ஆலைத் தொழிலாளி,
கனால்பாலம், பெரும்பாவூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
எர்ணாகுளம் மாவட்டம், காக்கநாடு.

பொருள்: அங்கன்வாடிக்கு எங்கள் ஆலை கொடுத்த இருபத்தாறு கட்டில்களைச் சோதித்து மாற்றித் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாக நான் பலகைக்குப் பசை கலக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் நானோ சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளைச் சேர்க்கத் தொடங்கினோம். அது நன்றாகக் கலந்தால் மர ஏடுகள் இறுகப் பிடிக்கும். பசையிலிருந்து கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பார்மால்டிஹைடு ஆவியும் குறையும். முதல் பலகைத் துண்டை நாள் முழுக்கக் கொதிநீரில் போட்டுக் கத்தி முனையால் பிரிக்கப் பார்த்தவள் நான்தான். பிரியவில்லை. அந்தப் பலகையைக் காட்டித்தான் ஆலைக்கு இந்தக் கட்டில் வேலை கிடைத்தது.

2. அந்தத் தூளை இரண்டு மணி நேரம் இயந்திரத்தில் கலக்க வேண்டும். இல்லையேல் கட்டி கட்டியாக நின்று பசையையே கெடுக்கும். கட்டில்களுக்கான பலகை தயாரித்த கடந்த அக்டோபரில் மேற்பார்வையாளர் பிஜோய், "ரெண்டு மணி நேரம் நீங்க கிண்டிட்டு இருந்தா பலகை அழுத்துற பிரஸ் சும்மா நிக்கும் சேச்சி. பத்து நிமிஷம் போதும்" என்றார். கட்டி நிற்கும் என்று இருமுறை சொன்னேன். "அது உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது" என்றார். பத்தொன்பது நாட்கள் பத்து நிமிடம் கலக்கிவிட்டு, பதிவேட்டில் இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

3. பிப்ரவரியில் அங்கன்வாடி ஆசிரியை சாஜிதா என்னை வழியில் நிறுத்தி, "உங்க கம்பெனிக் கட்டில்ல படுத்தா பிள்ளைங்க கண்ணைக் கசக்கிட்டே எந்திரிக்குதுங்க, பின்சி. வெங்காயம் உரிச்ச மாதிரி" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். ஹனான் என்ற மூன்று வயதுக் குழந்தை கட்டிலில் ஏற மறுத்து, "அது கடிக்குது" என்று அழுதது. நான் பலகையின் விளிம்பில் மூக்கை வைத்தேன். அது என் பசைத் தொட்டியின் வாசனை.

4. கட்டிலின் அடிச்சட்டத்தில் ஒரு துண்டை ஆசிரியையின் அனுமதியோடு அறுத்து வந்து, கப்பைக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். "இன்னைக்குப் பலகைக் கறியா?" என்று கேட்ட என் கணவர், நாற்பதாவது நிமிடத்தில் ஏடுகள் தாமாகப் பிரிந்தபோது சிரிக்கவில்லை. நடுவே கரையாத மாவு போல வெள்ளைக் கட்டிகள் இருந்தன.

5. அந்த ஏடுகளை முதலாளியிடம் காட்டினேன். அவர் அன்றே இரண்டு மணி நேரக் கலவையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு நன்றி உடையேன். கட்டில்களைப் பற்றிக் கேட்டபோது, "புதுசு சரியாயிடுச்சுல்ல, பழசைக் கிளறாதே" என்றார். மறுவாரம் என்னை ஏடு காயவைக்கும் முற்றத்துக்கு மாற்றினார்கள். அது பற்றி எனக்குப் புகார் இல்லை. குழந்தைகள் இப்போது வராந்தாவில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். ஜூனில் மழை பிடித்தால் சாரல் அங்கே வரும். மறுபடி கட்டில்கள் கிடக்கும் அறைக்குள்தான் போக வேண்டும்.

ஆகவே, மழைக்கு முன் அந்தக் கட்டில்களைச் சோதித்து, ஆலையே மாற்றித் தர ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணையில் என்னையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவேட்டில் உள்ளது பொய் என்று நேரில் சொல்வேன். தூளின் மேல் பழி போட்டு அதை நிறுத்திவிட வேண்டாம். ஒழுங்காகக் கலந்தால் குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பலகை எங்கள் ஆலையில் இல்லை.

சோதிக்க வரும் அலுவலர் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு முன் வருவது நல்லது. ஆசிரியை வந்ததும் முதல் வேலையாகச் சன்னல்களைத் திறந்துவிடுவார். சனிக்கிழமை முதல் பூட்டிக் கிடக்கும் அறை அது. கருவியை எடுப்பதற்கு முன் அலுவலர் வாசலில் நின்று, ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: பெரும்பாவூர்
நாள்: 03.04.2024

தங்கள் உண்மையுள்ள,
பின்சி எல்தோ