வாய்க்கால் மேல் மஞ்சள் கோடு

நவம்பர் 20, வியாழன்

காலையிலிருந்து தூறல். வண்டிக்குப் பெட்ரோல். முட்டிவலி மாத்திரை தீர்ந்துவிட்டது.

எட்டு மணி வாக்கில் மார்க்கையன்கோட்டையிலிருந்து செல்லமுத்து போன். வாய்க்கால் முடிகிற கடைமடையில் நெல் போடுகிறவர். போன போகத்தில் போலிப் பூச்சிமருந்து பற்றி நான் பேப்பருக்கு எழுதிய செய்தியால் பழக்கம்.

"அண்ணே, வாய்க்காக் கரையில சாமிமாரு வேன் இறங்கிருச்சுண்ணே. கரையே போச்சு."

போனேன். சபரிமலைக்குப் போகிற வேன், சேலத்து நம்பர். பின்சக்கரம் கரைக்குள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை, கறுப்பு வேட்டியோடு வரப்பில் உட்கார்ந்து பிஸ்கட். உடைப்பு வழியாகத் தண்ணீர் மொத்தமும் பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள். அதற்குக் கீழே வாய்க்கால் வெறும் சேறு.

இதில் ஏன் வந்தீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். போனை நீட்டினார். அதில் மேப். தேனியிலிருந்து வரும் மெயின் ரோடு எப்படியோ, அப்படியே இந்தக் கரையும். தடிமனாக, மஞ்சளாக. நேரில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய மண் கரை. படத்தில் வாய்க்காலைத் தேடினேன். வாய்க்காலே இல்லை.

செ.மு.வின் நாற்று பறிக்கிற பதத்தில் நிற்கிறது. முறை வைத்து விடுகிற தண்ணீர் அவர் வயலுக்கு வருகிற புதன். அதற்குள் கரை அடைபடாவிட்டால் நாற்று முற்றிக் கணு விட்டுவிடும். பிறகு மாட்டுக்குத்தான். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, உடைப்பையே பார்த்தார்.

நவம்பர் 21, வெள்ளி

நல்ல வெயில். செ.மு.வோடு இரண்டு அலுவலகம்.

முதலில் வாய்க்காலைக் கவனிக்கிற அலுவலகம். அதிகாரி மனுவைப் படிக்கவில்லை. தன் போனைத் திறந்து இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.

"இது ரோடுங்க. மஞ்சள்ல இருக்கு பாருங்க. ரோடு உடைஞ்சா ரோடு ஆபீசுக்குத்தான் போகணும்."

அடுத்து ரோட்டைக் கவனிக்கிற அலுவலகம். அவர்கள் பட்டியலில் அப்படி ஒரு ரோடு இல்லை. வாய்க்கால் கரைக்கு நாங்கள் எப்படி மண் போடுவது என்று கேட்டார்கள். அங்கிருந்த எழுத்தரும் போனில் பார்த்தார். மேப்பில் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உடைந்த மாதிரி காட்டவில்லையாம்.

வண்டியில் கொஞ்ச நேரம் போனால் வந்துவிடும் கரை. இரண்டு அலுவலகத்திலும் நாற்காலியை விட்டு ஒருவர் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 22, சனி

பேப்பர் பார்த்தேன். நான் அனுப்பியது நீளமான செய்தி. வந்தது நாலு வரி. பக்தர்கள் வேன் சேற்றில் சிக்கியது, காயமில்லை. வாய்க்கால், உடைப்பு, நாற்று, எதுவும் கிடையாது.

அதே பேப்பர், கடைசிப் பக்கம், வண்ணத்தில் விளம்பரம்: அந்தக் கரையை ஒட்டி மனைப்பிரிவு. 'பிரதான சாலை மனைகள்'. சாட்சிக்கு அதே மேப், அதே மஞ்சள் கோடு.

டெஸ்குக்குப் பேசினேன். உதவி ஆசிரியர் நிதானமாகத்தான் பேசினார்.

"அண்ணே, கடைசிப் பக்கத்துல ரோடுன்னு போட்டுட்டு உள்பக்கத்துல வாய்க்கால்னு எப்படிண்ணே போடுறது?"

கோபமாகப் பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். நியாயம் கேட்கிற குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, கொசுவர்த்தி, மாத்திரை.

நவம்பர் 23, ஞாயிறு

வடுகபட்டி. நண்பர் ராமசாமி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. சாப்பாட்டில் உப்புத் தூக்கல். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் மகள் வளர்மதி வந்திருந்தாள். பெங்களூரில் மேப் கம்பெனி வேலை. வேன் டிரைவர் காட்டிய மேப் இல்லை, வேறொன்று. எந்த ரோட்டுக்கு என்ன நிறம், எத்தனை தடிமன், எவ்வளவு கிட்டே போனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இதுதான் அவள் வேலை. பந்தி முடிந்து தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். குறித்துக்கொண்டது:

– கோட்டின் அகலம் ரோட்டின் அகலம் இல்லை. உள்ளபடி போட்டால் முடி மாதிரித்தான் தெரியும். எல்லாமே பெருக்கிப் போடுவது.
– ஒட்டி வாய்க்கால் இருந்தால் பெருத்த கோடு அதன் மேல் ஏறிக்கொள்ளும். தண்ணீர் அடியில், ரோடு மேலே. அதுதான் அடுக்கு.
– பெரிய ரோடு மஞ்சள், சின்னது வெள்ளை. மஞ்சளா வெள்ளையா என்பதை எல்லா இடத்திலும் ஆள் போய்ப் பார்த்து முடிவு செய்வதில்லை. எத்தனை போன் அந்த வழியாகப் போகிறது என்பதும் ஒரு கணக்கு.
– போன்கள் கூட்டமாக நகராமல் நின்றால் நெரிசல். சிவப்பு.

மண் கரையை மண் கரை என்றே காட்டினால் என்ன என்றேன்.

"பாக்குறவங்க கண்ணுக்கு இதமா இருக்கணும் மாமா. அதெல்லாம் காட்டுனா படம் அழுக்காத் தெரியும்."

பிறகு, "ஆமா, அந்தக் கரையில அம்புட்டுப் பேரு யாரு மாமா போறாக?" என்றாள்.

இதை இத்தனை நாள் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

மேகமூட்டம். மா.கோட்டை. செ.மு.வும் கடைமடைக்காரர்கள் நாலைந்து பேரும் தாங்களே மணல் மூட்டை கட்டுகிறார்கள். அரசாங்கத்தை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வளர்மதி கேட்டதைக் கேட்டேன்.

"நாங்கதாண்ணே" என்றார் செ.மு.

முறைக்காவல். கடைமடைக்கு முறை வருகிற நாட்களில் மேலே இருக்கிறவர்கள் மடையைத் திறந்து தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொள்வார்கள். அதைத் தடுக்க இவர்கள் பைக்கில் கரை நெடுக மேலும் கீழும் சுற்றுவது. போன போகம் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் போன், அதில் பாட்டு. மேப்புக்கு அது ஓயாத போக்குவரத்து. மஞ்சள் வந்தது அப்படி. விளம்பரம் கொடுத்த மனைக்காரர் வந்தது மஞ்சளைப் பார்த்துத்தான்.

செ.மு.வின் மனைவி முருகாயி சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "விடிய விடியப் பாட்டுக் கேட்டுக்கிட்டு இந்த மனுசன் தண்ணி காக்குறாகன்னுல்ல நெனச்சேன். ரோடு போட்டிருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். செ.மு. சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உடைப்புக்குள் இறங்கினார்.

காவல் காக்கிறவனையும் ஊர் சுற்றுகிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு பொருள். அதை நம்பித்தான் இரண்டு அலுவலகமும் ஒரு பேப்பரும் நடக்கின்றன.

நவம்பர் 25, செவ்வாய்

உடைப்பு அடைபட்டது. பச்சை மண். ஒரு சக்கரம் ஏறினால் திரும்பவும் போய்விடும்.

மெயின் ரோட்டிலிருந்து கரை பிரிகிற முக்கில் முள்ளை வெட்டிப் போட்டோம். மதியத்துக்குள் இரண்டு வேன். இறங்கி முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வரப் பார்த்தார்கள். "வேணும்னே போட்டிருக்காங்க சாமி, மேப்பு இப்படித்தான் காட்டுது" என்று ஒருவர் இன்னொருவரிடம். கண் முன்னால் முள், அதற்குப் பின்னால் ஈர மண். முருகாயி குறுக்கே நின்று திருப்பி அனுப்பினார். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாளைக்குக் காவலும் வேண்டும். போனோடு சுற்றினால் கோடு இன்னும் பெருக்கும். பேசி முடிவு செய்தார்கள். பைக் வேண்டாம், நடை. போன் எல்லாம் ஒரு யூரியாச் சாக்கில். சாக்கு முருகாயியிடம், முக்கில்.

நவம்பர் 26, புதன்

விடியலில் தண்ணீர் விட்டாயிற்று. முக்கில் புளியமரத்தடியில் முருகாயி, மடியில் சாக்கு. உள்ளே மாறி மாறி மணி. "அடிக்கட்டும், ஓஞ்சு போகும்."

காலை நகர நகர ஒன்றைக் கவனித்தேன். முக்கில் கரைப் பக்கம் திரும்பப் பார்க்கிற வேன்கள் இன்று திரும்பவில்லை. நேராக மெயின் ரோட்டிலேயே போகின்றன. என் போனைத் திறந்தேன். கரை தொடங்குகிற இடம் கடுஞ்சிவப்பு. வளர்மதி சொன்னது ஞாபகம் வந்தது. நகராத போன்கள், நெரிசல். நெரிசல் என்றால் மேப் வேறு வழி காட்டும். முருகாயியிடம் காட்டினேன், உங்கள் சாக்குதான் வேன்களைத் திருப்பி விடுகிறது என்றேன்.

"ஏண்ணே, நான் செவனேன்னுதான உக்காந்திருக்கேன்" என்றார்.

உச்சி வெயிலில் முருகாயியின் தம்பி வரப்பு வழியாக ஓடி வந்தார். தண்ணீர் வயலுக்குள் இறங்கிவிட்டது. கரை தாங்கியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். செ.மு. மடையில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

முக்குக்குத் திரும்பினால் ஒரு கார். மனைக்காரரும், மனை வாங்க வந்த இரண்டு பேரும். மனைக்காரர் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா, இந்நேரத்துக்கே இம்புட்டு டிராபிக். நாளைக்கு இங்கன பஸ் ஸ்டாண்டே வந்துரும்."

அந்த இடத்தில் இருந்தது முருகாயி, ஒரு சாக்கு, நான். வந்தவர்கள் போனைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். சுற்றிலும் பார்க்கவில்லை. சாக்குக்குள் ஒரு போன் அடித்தது. அதற்கும் திரும்பவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பனி. பேப்பர் தாமதம்.

நேற்றைய கரைச் செய்தி வரவில்லை. இடமில்லையாம். கடைசிப் பக்கத்தில் மனை விளம்பரம் திரும்பவும். படத்தை ஒரே ராத்திரியில் மாற்றியிருக்கிறார்கள். கோடு இப்போது சிவப்பு. 'எந்நேரமும் பரபரப்பான சாலை'.

செ.மு. வயலில் நடவு. பேப்பரோடு போனேன். முருகாயி வாங்கிக்கொண்டார். படிக்க இல்லை. கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நடவு ஆட்களுக்கு வந்த வடையை அதில் கொட்டினார். எண்ணெய் இறங்கி இறங்கிக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு தின்றேன்.